செடிக்குக் கண் இருக்கா?

கொளத்தூர் மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் அவரைப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் குனிந்து தொட்டிக்குள் மீனைத் தேடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அண்ணாந்து தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கை முறைத்துக்கொண்டிருப்பார்.

கடைப் பையன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வான். "சார், இது 4,000 லூமன். நல்லா பளிச்னு இருக்கும்."

"யாருக்கு?"

"பார்க்கிறவங்களுக்கு சார்."

"அங்கதான் தப்பு. லூமன்கிறது மனுஷக் கண்ணுக்குப் போட்ட கணக்கு தம்பி. செடிக்குக் கண் இருக்கா?"

ஓனரைக் கூப்பிடுகிறேன் என்று பையன் நழுவுவான், ஓனரும் வரமாட்டார். இதில் கொடுமை என்னவென்றால், மனிதர் சொல்வது அத்தனையும் சரி. நம் கண்ணுக்குப் பச்சை ஒளியில் கூர்மை அதிகம். பச்சையைக் கூட்டினால் லூமன் எண்ணிக்கை எகிறும். செடியோ நீலத்தையும் சிவப்பையும்தான் ஆசையாக வாங்கிக்கொள்ளும். அதனால்தான் 'பார்' (PAR) என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி செடிமேல் எவ்வளவு விழுகிறது என்பது. டப்பாவில் போட்டிருக்கும் 6,500 கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லுமே தவிர, பலத்தைச் சொல்லாது. இதையெல்லாம் நிச்சயதார்த்தத்திலும் சொல்வார், துக்கம் கேட்கப் போன வீட்டிலும் சொல்வார்.

அவர் வீட்டு ஹாலில் 4 அடி நீளம், 2 அடி உயரத்தில் ஒரு தொட்டி. அதன்மேல் குழல் விளக்கு டி8 இருந்தது, டி5 இருந்தது, எல்இடி வந்தது, இப்போது சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் விளக்கு ஆள்கிறது. பதவியிழந்த விளக்குகள் உறவுக்குள் பங்கு பிரிந்தன. மச்சினர் வீட்டுச் சமையலறைக்கு ஒன்று, மகளின் படிப்பு மேசைக்கு ஒன்று. பூஜையறையில் மாட்டியது 2 அடி எல்இடி. உள்ளே போனால் சாமிக்கு ஏதோ ஆபரேஷன் நடக்கப்போவது போலிருக்கும்.

விருந்தாளிகள் மதியம் 12 மணிக்கு முன் வரக் கூடாது, அதுவரை தொட்டி தூங்கும். இரவு 10 வரை தாராளமாக உட்காரலாம். வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மீன் எங்கே?" நியான் டெட்ரா வாங்கி விட்டிருக்கிறார். அமேசான் படுகையில், மரநிழலில் இலைகள் ஊறிப் பழுப்பேறிய ஓடைகளில் வாழும் இனம் அது. இந்த வெளிச்சத்தைக் கண்டு கட்டைக்கு அடியில் குடியேறிவிட்டது.

"அதுங்க எங்கயாவது இருக்கும். ரொட்டாலாச் செடியைப் பாருங்க, நுனி எப்படிச் செவந்திருக்கு!"

அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரிச் செடிகளை வைக்கக் கூடாதா என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். "அது மூலையில போட்டாலும் வளரும் சார். அதுல என்ன பெருமை?"

செடித் தொட்டிக் கலையில் பேர்போன ஜப்பானின் தகாஷி அமானோ பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். லிஸ்பன் நகரில் 2015-இல் அமானோ அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி, 1,60,000 லிட்டர் தண்ணீர், அதன் படம் போனில் எப்போதும் உண்டு. உலகமே அந்த நீருக்குள் இருக்கும் காட்டைப் பார்க்கிறது, இவர் படத்தைப் பெரிதாக்கி, மேல் விளிம்புக்கு நகர்த்தி, "என்ன லைட்டா இருக்கும்?" என்பார்.

பிறகு பாசி வந்தது. வராமல் என்ன செய்யும்? வெளிச்சம் கூடினால் செடிக்குப் பசி கூடும். கரியமில வாயுவும் உரமும் அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் செடி நின்றுவிடும், பாசி தலையெடுக்கும். கண்ணாடியெல்லாம் பச்சைப் புள்ளி, கட்டையெல்லாம் கறுப்புத் தாடி. அவர் அசரவில்லை. "பாசி வருதுன்னா லைட் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் மனைவி அன்று மின்கட்டணச் சீட்டோடு வந்தார். "ஏங்க, 100 வாட்டு, தினம் 10 மணி நேரம், ரெண்டு மாசம். 60 யூனிட் ஆச்சு. கவர்மென்ட் 100 யூனிட் இலவசமா நமக்குக் குடுக்குதா, இந்தப் புல்லுக்குக் குடுக்குதா?"

என்னைக் கேட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைமர்தான் தொட்டிக்கு வாங்கவேண்டிய முதல் சாமான். 6 முதல் 8 மணி நேரம் போதும். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. கடைசியில் அவரே இறங்கி வந்தார். விளக்கைக் கம்பி கட்டி ஓரடி உயரே தூக்கினார், பலத்தை 40 சதவீதத்துக்குக் குறைத்தார், தினம் 7 மணி நேரம் மட்டும் எரியவிட்டார். சில வாரத்தில் கண்ணாடி தெளிந்தது. மீன்கள்கூட வெளியே வந்து வீட்டாரை அறிமுகம் செய்துகொண்டன.

"அப்போ காசு குடுத்து வாங்கின மீதி 60 சதவீதம்?" என்றார் மனைவி.

அந்தக் கேள்விதான் அவரை உறங்கவிடவில்லை. நேற்று என்னை மடக்கிவிட்டார். "கோளாறு லைட்ல இல்ல சார். 2 அடி உயரம், அதுல இருக்கு. அடித்தளத்துப் புல்லுக்கு வெளிச்சம் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி போயிடுது. ஓரடி உயரத்துல புதுத் தொட்டி சொல்லிட்டேன். அது சரி, உங்க ஹால்ல 4 அடிச் சுவர் காலியா இருக்குல்ல? பழசைக் கொண்டாந்து வெச்சிடறேன். ஜன்னலுக்கு எதிர்ல மட்டும் வேணாம், வெயில் பட்டா பாசி வரும்."