கல்லாப்பெட்டியும் நாள்வழியும்

கேள்வி: பைத்தானில் எழுதப்பட்ட தானியங்கிப் பங்கு வணிக நிரலில், கைவசமுள்ள பங்குகளின் எண்ணிக்கையை ஒரு மாறியில் வைத்திருந்தால் போதாதா?

பதில்: கல்லாப்பெட்டியை எண்ணிவிட்டால் கடைக்கணக்கு முடிந்துவிடுமா? மாறி என்பது நிரல் ஓடும்வரை கணினியின் நினைவகத்தில் நிற்கும் பெயரிட்ட இடம். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும், பங்குகளோ அவற்றை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வாங்கலையும் விற்பனையையும் நேரம், அளவு, விலை, கட்டணம் ஆகியவற்றுடன் எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளத்தில் வரிவரியாகப் பதிந்து, பதிந்ததைப் பின்னர் திருத்தாமல், இருப்பை அவ்வரிகளிலிருந்தே கணக்கிடுவது, நாள்வழி எழுதிப் பேரேட்டில் ஏற்றிய பழைய வணிகரின் முறையேயாகும்.

250 ரூபாய்க்கு 100 பங்கும் 280 ரூபாய்க்கு 50 பங்கும் வாங்கி, 300 ரூபாய்க்கு 60 பங்கை விற்றால், சராசரி விலை 260 என்று கொள்வோருக்கு இலாபம் 2,400 ரூபாய். முதலில் வாங்கியதே முதலில் விற்றது என்னும், டீமேட் பங்குகளுக்கு இந்திய வருமான வரிச் சட்டம் விதிக்கும் முறையில் அது 3,000 ரூபாய். எண்ணிக்கையை மட்டும் சுமக்கும் மாறிக்கு இவ்விரண்டும் தெரியாது.

பணத்தை மிதவைப்புள்ளி எண்ணாக, அதாவது இரும வடிவில் தோராயமாகச் சேமிக்கப்படும் எண்ணாக, வைப்பதும் தவறு; ஏனெனில் 0.1 என்பதை மும்முறை கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. இதற்கெனவே டெசிமல் தொகுதி உள்ளது. கேட்ட அளவையே பதிவதும் தவறு: நிரல் 100 பங்கு கேட்டு 40 மட்டுமே கிடைக்கும் நாளும் உண்டு. அன்று ஏட்டில் ஏற வேண்டியது 40.