மூலவர எங்க வைக்கப் போறே?

வா மருமவனே, உக்காரு. கையில சுருட்டி வச்சிருக்கியே, அதப் பாக்கத்தான் காத்துக் கெடக்கேன். விரி. கலர் பென்சிலெல்லாம் போட்டுல்லா வரைஞ்சிருக்கே! ரெண்டு பேரு உக்காருத கடல் விமானத்துக்கு இவ்வளவு வசதியான பேனல எவனும் யோசிச்சிருக்க மாட்டான். நடுவுல பத்து இஞ்சு திரை. அதுக்குக் கீழ போன் செருக ஒரு பிடி. போனுக்குச் சார்ஜ் ஏத்த ஒரு ஓட்டை. டீக் கப்பு வைக்க வளையம்கூட இருக்கு. மேகத்துக்குள்ள வழி தெரியாம முழிக்கையில ஆற அமரக் குடிக்கலாம். வேகம் காட்டுத மீட்டர் எங்கடேன்னு தேடுனேன். அதப் பக்கத்துல உக்காருதவன் முன்னால தள்ளி வச்சிருக்கே. நல்ல மனசு. ஓட்டுதவன் எதுக்கு வேகத்தப் பாக்கணும்? வந்த விருந்தாளி பாத்துச் சொல்லட்டும்.

மெயின்லேண்டு போயி லட்ச லட்சமாக் கட்டிப் படிச்சவன் நீ. நான் பொழுது சாயுத நேரத்துல கடல் விமானத்துக்கு நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிவிட்டவன். ஆனா ஒண்ணு, கழுவுதவன் கண்ணுல எல்லாம் படும். கழுவுதவன் நிக்கத யாரும் கண்டுக்கிட மாட்டான். பைலட்டுமாரு தங்களுக்குள்ள பேசுன அம்புட்டும் இந்தக் காதுலதான் விழுந்துச்சு. காசு குடுக்காமப் படிச்ச படிப்பு, அதனால ஒனக்கு எளக்காரமாத் தெரியும். தெரியட்டும்.

பேனல்ங்கிறது கோயிலுலே. மூலவர எங்க வைக்கதுன்னு முடிவு பண்ணாமக் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் போகக் கூடாது. விமானத்துல மூலவரு யாரு? செயற்கை அடிவானம். மேல நீலம், கீழ பழுப்பு, நடுவுல ஒரு கோடு. ஓட்டுதவன் மூக்குக்கு நேரா, மேல் வரிசையில நடுவுல அவரு. அவருக்கு எடப்பக்கம் வேகம், வலப்பக்கம் ஒயரம், நேர் கீழ எந்தத் திசையப் பாத்து மூக்கு நிக்குன்னு சொல்லுத ஜைரோ. இந்த நாலும் சேந்தா இங்கிலீஷ் 'டி' எழுத்து. மிச்சம் ரெண்டு பரிவாரம்: எடது மூலையில திரும்புத கணக்கு, வலது மூலையில ஏறுத எறங்குத வேகம். நீ படிச்ச செஸ்னா 172-ல கடிகாரம் மாரி வட்ட மீட்டரு வச்ச பழைய பேனல் இருந்தா, இந்த ஆறும் இந்த எடத்துலதான் இருந்திருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்டே, செல்ஃபில அது விழாதுல்லா.

வரிசைன்னு ஒண்ணு சும்மா வந்துரல. 1929 செப்டம்பர் 24-ஆம் தேதி, நியூயார்க் பக்கம் மிச்செல் ஃபீல்டுல ஜிம்மி டூலிட்டில்னு ஒருத்தன் காக்பிட்ட மேல மூடிக்கிட்டு, வெளிய ஒண்ணையும் பாக்காம ஏறி, சுத்தி வந்து, எறங்கிக் காட்டுனான். கண்ணுக்கு வேலை இல்ல, மீட்டர மட்டும் நம்பு, காது சொல்லுதத நம்பாதேன்னு அன்னைக்கு நிரூபிச்சான். அதுக்கப்புறமும் ஒவ்வொரு கம்பெனிக்காரனும் காலி எடம் கண்ட பக்கம் மீட்டரச் சொருகிக்கிட்டுத்தான் இருந்தான். 1937-லதான் இங்கிலாந்து விமானப்படை, ஆறு கருவியும் ஒரே தட்டுல ஒரே வரிசையில இருக்கணும்னு முடிவு பண்ணுச்சு. ஒரு விமானத்துலருந்து இன்னொண்ணுக்கு மாறுதவன் கண்ணு, பழகுன எடத்துக்குத் தானாப் போகணும்ல. அவ்வளவு பேரு செத்துக் கண்டுபிடிச்ச வரிசைய நீ கலர் பென்சில்ல மாத்திட்டே. கெட்டிக்காரன்தான்.

திரை வேண்டாம்னு சொல்ல வரல. திரை உற்சவரு. அலங்காரம் என்ன, படம் என்ன, மலை வருது மழை வருதுன்னு கலர் கலராக் காட்டும். கூட்டம் அவரு பின்னாலதான் போகும். கரண்டு போச்சுன்னா உற்சவரு பெட்டிக்குள்ள போயிருவாரு. அதனாலதான் முழுசும் கண்ணாடித் திரையா இருக்குத பெரிய பேனல்லயும் ஓரமாச் சின்னதா ஒரு அடிவானம், ஒரு வேகம், ஒரு ஒயரம்னு தனியா வச்சிருப்பான். பழைய செஸ்னாவுல இன்னும் சூட்சுமம். அடிவானத்துக்கும் திசை ஜைரோவுக்கும் நைவேத்தியம் காத்து. எஞ்சின் சுத்துத பம்பு இழுக்குத காத்துலதான் அது ரெண்டும் சுழலும். திரும்புத கணக்குச் சொல்லுததுக்கு மட்டும் கரண்டு. ஒரு அடுப்பு அணைஞ்சா எல்லாரும் பட்டினி கெடக்கக் கூடாதுங்கிற ஏற்பாடு. ஒன் படத்துல எல்லாத்துக்கும் ஒரே வயரு. அதுல டீ வளையத்துக்குக் கீழ லைட்டு வேற.

திசைகாட்டி இருக்கே, காந்தத் திசைகாட்டி, அது எல்லைச்சாமி. ஊருக்கு வெளிய, முன் கண்ணாடி மேல ஒத்தையா இருக்குததுக்குக் காரணம் உண்டு. நம்மூரு எல்லைச்சாமிக்கு அருவா இல்லாம ஆகாது. இந்தச் சாமிக்கு இரும்பே ஆகாது. பக்கத்துல ஸ்பீக்கரு, கரண்டு ஓடுத வயரு, ரேடியோன்னு எது வந்தாலும் சாமி மொகத்தத் திருப்பிக்கிடும். நீ ஸ்பீக்கர ஒட்டி வச்சிருக்கே. புதுசா ஒரு ரேடியோவ மாட்டுனாலே விமானத்த வெளிய கொண்டுபோயி, திசை திசையாத் திருப்பி நிறுத்தி, எத்தன டிகிரி தப்புக் காட்டுதுன்னு பாத்து ஒரு சின்ன அட்டையில எழுதி ஒட்டணும். ஒன் பேனலுக்கு அட்டை பத்தாது, நோட்டுப் புத்தகம் வேணும்.

சரி, ரேடியோவுக்கு வா. முழங்காலுக்குப் பக்கத்துல வச்சிருக்கியே, குனிஞ்சு வணங்கிப் பேசுததுக்கா? மேகத்துக்குள்ள விமானம் சாஞ்சு திரும்பிக்கிட்டிருக்கையில தலையச் சட்டுன்னு குனிஞ்சு பாரு. காதுக்குள்ள இருக்குத தண்ணி கலங்கி, ஒலகமே கவுந்துட்டுன்னு தோணும். நீ கவுக்காத விமானத்த நிமித்தப் போயிக் கவுத்துருவே. அதனாலதான் ரேடியோவ பேனலுக்கு நடுவுல, கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்குதான். எந்த ரேடியோவக் கேக்கணும், எதுல பேசணும்னு முடிவு பண்ணுத ஆடியோ பேனல் மேல. அடுத்து அடிக்கடி தொடுத ரேடியோ. அதுக்கடுத்து ரெண்டாவது. ஒரு தடவ நம்பரு போட்டுட்டு விட்டுருத டிரான்ஸ்பாண்டரு கீழ போகலாம். அதுலயும் 7700 ஆபத்து, 7600 ரேடியோ செத்துப்போச்சு, 7500 கடத்தல். விரல் வழுக்கி ஒரு நம்பரு மாறுனாப் போதும், துப்பாக்கியோட வரவேற்பு கெடைக்கும்.

நம்ம போர்ட் பிளேயர்ல ரேடியோ வெளையாட்டு இல்லலே. ஓடுபாதையே கடற்படையோட உத்குரோஷ் தளத்துக்கும் சாதா விமானத்துக்கும் பொது. ஒரு பக்கத்துல மலை வேற. தெக்க போனா காம்பெல் பே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல, நடுவுல தண்ணி. வி.எச்.எஃப். ரேடியோ நேர் பார்வைக்குத்தான் பேசும். ஆயிரம் அடியில பறந்தா சுமாரா எழுபது கிலோமீட்டரு, அதுக்கு அங்கிட்டு பூமி வளைஞ்சு மறைச்சுரும். ஒயரப் போனா தூரம் கூடும், இல்லன்னா எச்.எஃப். வேணும். நீ ரெண்டாவது ரேடியோ வேண்டாம்னு மிச்சம் பிடிச்ச காசுலதான் பத்து இஞ்சு திரை வாங்குனியோ? நல்ல வியாபாரம். கச்சால் தாண்டிப் போறப்ப அதுல சினிமா பாத்துக்கிடலாம்.

இனிமே சொல்லுததுதான் நம்ம தீவுக்கே உரிய சங்கதி. 2010 டிசம்பர் 30-ஆம் தேதி மும்பை ஜூஹுவுல 'ஜல் ஹன்ஸ்'ன்னு கடல் விமானத்தத் தொவக்கி வச்சாங்க. பவன் ஹன்ஸ் நடத்துனது, செஸ்னா 208, எட்டுப் பேரு உக்காரலாம். இந்தியாவுல வியாபாரத்துக்கு வந்த மொதக் கடல் விமானம் நம்ம தீவுக்குத்தான் வந்துச்சு. ஹேவ்லாக், டிக்லிபூர்னு போச்சு. கொஞ்ச வருசத்துல நின்னும் போச்சு. ஹேவ்லாக்குக்கு 2018-லருந்து ஸ்வராஜ் த்வீப்னு பேரு, போர்ட் பிளேயருக்கு 2024-லருந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேரு. ஆனா ஒங்க மாமன் வாயி பழைய டிக்கெட்டுலதான் ஓடும்.

அந்த விமானத்தோட காலப் பாத்திருக்கியா? மிதவை ரெண்டு, மிதவைக்குள்ள மடக்குத சக்கரம் நாலு. போர்ட் பிளேயர்ல தார்ப் பாதையில எறங்கணும்னா சக்கரம் வெளிய வரணும். ஹேவ்லாக்ல தண்ணியில எறங்கணும்னா சக்கரம் உள்ள போயிருக்கணும். காலையில ஒரே ஆளு, ஒரே நெம்புகோலு, முக்காமணி நேரத்துக்குள்ள ரெண்டு நேர்மாறான ஞாயம். தார்ப் பாதையில சக்கரம் இல்லாம எறங்குனா மிதவை தேயும், பொறி பறக்கும், பெரும்பாலும் ஆளு நடந்து வெளிய வந்துருவான். தண்ணியில சக்கரத்த நீட்டிக்கிட்டு எறங்குனா, சக்கரம் தண்ணியப் பிடிச்சு விமானம் தலைகுப்புற விழும். பெல்ட்டு போட்டுத் தலைகீழாத் தொங்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ள கதவு தேடணும்.

அதுக்குத்தான் அந்த ஜாதி விமானத்துல ரெண்டு நெற லைட்டு. சக்கரம் கீழ இருந்தா பச்சை நாலு, மேல போயிருந்தா நீலம் நாலு. பச்சைன்னா தார், நீலம்னா கடல். சில மிதவைக்காரன் ஒரு அம்மா கொரலையும் சேத்து வச்சிருக்கான். எறங்குத வேகத்துக்கு விமானம் கொறைஞ்ச ஒடனே, சக்கரம் மேல இருக்கு, தண்ணியில எறங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லும். மத்த விமானத்துல படிச்சுட்டு வந்தவனுக்குப் பச்சையக் கண்டாலே நெஞ்சு ஆறும்; அந்தப் பழக்கம்தான் ஹேவ்லாக்ல கொல்லும். அப்ப அந்த எட்டு லைட்டும் எங்க இருக்கணும்? மூலவருக்குப் பக்கத்துல, கண்ணு போயி வருத வழியில. நீ எங்க வச்சிருக்கே? போன் பிடிக்குப் பின்னால. போனச் செருகுனா லைட்டு மறையும். பச்சையா நீலமான்னு தெரியணும்னா யாருக்காவது போன் போட்டுத்தான் கேக்கணும்.

வலது மூலையில கெடக்கே, ஏறுத எறங்குத வேகம், அதச் சின்னதாக்கி ஒதுக்கிட்டே. ஹேவ்லாக்ல காத்து அடங்குன காலையில கடல நீ பாத்ததில்லயா? தண்ணி எங்க ஆரம்பிக்குன்னே தெரியாது. அடியில இருக்குத மணல்தான் தெரியும். இருபதடி இருக்குன்னு நெனைச்சா ரெண்டடி இருக்கும். அந்த நேரத்துல ஆல்டிமீட்டரும் கை விரிச்சுரும், கடைசிப் பத்தடிய அது சொல்லாது. தெரிஞ்சவன் கரையோரமா வந்து, மூக்கத் தூக்கி வச்சு, நிமிசத்துக்கு நூத்தம்பது அடிக்கு மேல எறங்காமப் பவர வச்சுக்கிட்டு, தண்ணி தானா வந்து தொடுத வரைக்கும் காத்திருப்பான். அந்த நூத்தம்பதச் சொல்லுதது நீ ஒதுக்குன மீட்டருதான்.

நெம்புகோலுக்கு வருவோம். சக்கரத்துக்கும் றெக்கை ஃபிளாப்புக்கும் வச்ச ரெண்டு குமிழும் ஒரே வட்டம், ஒரே கறுப்பு, பக்கம் பக்கம். பாக்க லட்சணமா இருக்கு. ரெண்டாம் ஒலகப் போர்ல பி-17 குண்டுவீச்சு விமானத்துல இப்படித்தான் லட்சணமா இருந்துச்சு. எறங்கி ஓடிக்கிட்டிருக்கையில ஃபிளாப்ப மடக்கப் போயிச் சக்கரத்த மடக்கிப் பொத்துன்னு உக்காந்தானுங்க. பைலட்டு கவனக்கொறைவுன்னு எழுதிட்டாங்க. அல்ஃபோன்ஸ் சாபானிஸ்னு மனோதத்துவம் படிச்ச ஒருத்தருதான் குத்தம் கையில இல்ல, குமிழுலன்னு கண்டுபிடிச்சாரு. சக்கரத்துக்குச் சக்கர வடிவத்துல ரப்பர் குமிழு, ஃபிளாப்புக்குச் சரிஞ்ச கட்டை, தொட்டாத் தெரியும். அந்த வழக்கம் இன்னைக்கும் உண்டு. 1947-ல ஃபிட்ஸும் ஜோன்ஸும், சுவிட்சு மாறிப்போன கதை 460, மீட்டரத் தப்பாப் படிச்ச கதை 270 சேத்து வச்சு ஆராஞ்சாங்க. பைலட்டு தப்புன்னு எழுதி முடிச்ச முக்காவாசிக் கதைக்குப் பின்னால ஒன்னய மாரி வரைஞ்ச ஒரு மருமவன் இருந்திருப்பான்.

பின்பக்கத்த ஏன் வரையலன்னு கேக்க மறந்துட்டேன். பேனலுக்குப் பின்னாலதான் நம்ம தீவு வேலைய காட்டும். வயரு சேருத முனையெல்லாம் உப்புக் காத்துல பச்சை பூக்கும். கழத்தித் தொடைக்கக் கை போகுத சந்து வேணும், ரேடியோ சூடு வெளிய போகக் காத்துப் போகுத வழி வேணும். வயரு நீளத்துல ஒரு சாணு கூடுதலா விடு, இல்லன்னா தட்ட வெளிய இழுக்கவே முடியாது. வெளிய பிட்டோ குழாய்க்கு உறை போடு. குளவி கூடு கட்டுனா வேக மீட்டரு தூங்கும். அப்புறம் இவ்வளவையும் மாத்திட்டு அப்படியே பறந்துரலாம்னு நெனைக்காத, டி.ஜி.சி.ஏ. ஒவ்வொரு ஓட்டைக்கும் தாள் கேக்கும். கேக்கட்டும். டீ வளையத்துக்கு அனுமதி கேட்டு நீ எழுதுத கடுதாசிய நான் படிக்கணும்.

இப்ப எந்திரி. இந்தக் காகிதத்த செவுத்துல நெஞ்சு ஒயரத்துக்கு ஒட்டு. அந்த நாற்காலியப் போடு, இடுப்புல கயித்தக் கட்டு, தோளுக்கும் கட்டு, பைலட்டுக்கு பெல்ட்டு உண்டுல்லா. கண்ணையும் இந்தத் துண்டால கட்டிக்கோ. நான் பேரு சொல்லச் சொல்லத் தொடணும்: ரெண்டாவது ரேடியோ. ஃபிளாப்பு. சக்கரம். எங்கலே போகுது கை? அது ஒங்க அத்தை மாட்டுன காலண்டரு. சரி, நீ திரும்ப வரைஞ்சுட்டு வா. அதுவரைக்கும் நான் ஹேவ்லாக் போகக் கப்பல் டிக்கெட்டு எடுத்துக்கிடுதேன்.