வெகுளி நான்கும் ஓர் அப்டேட்டும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று முப்பத்திரண்டாகப் பகுத்தும் கொடுத்தார். இத்தனை நுட்பம் பார்த்தவர், ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கணினியில் அடுக்கி வைத்திருக்கும் ஒருவர் இரவோடு இரவாக அப்டேட் ஆகிவிட்ட மென்பொருளைக் காலையில் திறக்கும்போது அவர் முகத்தில் வருவது எட்டில் எது என்று சொல்லாமல் போய்விட்டார். இளம்பூரணரும் சொல்லவில்லை, பேராசிரியரும் சொல்லவில்லை. இருவர் வீட்டிலும் மின் இணைப்பு இல்லை என்பது இதற்குக் காரணமாகலாம். அந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலப்பனுவல், ஆய்வாளரின் சொந்தப் பாட்டுச் சேகரம். சுமார் நாலாயிரம் பாடல்கள். ரிச்சி தெருவில் வாங்கிய எம்பி3 தட்டுகள், கேசட்டிலிருந்து மாற்றியவை, நண்பர்கள் பென்டிரைவில் கொடுத்தவை, தலைப்பிலேயே ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரியைச் சுமந்துகொண்டு வந்தவை என நால்வகைப்படும். பதினைந்து ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இவற்றுக்குப் பெயர் திருத்தி, படம் ஒட்டி, ‘மழை’, ‘ரயில்’, ‘சமையல்’ என்று பிளேலிஸ்ட் போட்டு வைத்திருந்தார். மென்பொருளின் பெயர் இங்கே தேவையில்லை. சுட்டி ஒருவர் பெயர் கொளப்பெறாமை அகத்திணை மரபு.

அப்டேட்டுக்கு மறுநாள் காலை முதலில் தோன்றியது மருட்கை. சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டுகள் ‘ப்ளூஸ்’ என்ற தலைப்பின்கீழ் இருந்தன. குன்னக்குடி வைத்தியநாதனின் வயலின் ப்ளூஸ். கவுண்டமணி நகைச்சுவைத் துணுக்குகளும் ப்ளூஸ். மிசிசிப்பி ஆற்றோரத்துக் கறுப்பின மக்களின் துயர இசைக்கும் வாழைப்பழ நகைச்சுவைக்கும் உள்ள தொடர்பு இதுவரை எந்த ஒப்பிலக்கிய ஆய்விலும் நிறுவப்படவில்லை.

காரணம் 1996-இல் கிடக்கிறது. எம்பி3 கோப்புக்குள் பாட்டின் பெயரை எழுதி வைக்க அந்த ஆண்டு எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். கோப்பின் வாலில் 128 பைட் கொண்ட ஒரு சீட்டு. பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. ‘இதுதான் சீட்டு’ என்று அறிவிக்கும் மூன்று எழுத்துக்கு 3. மிச்சமிருந்த ஒரே ஒரு பைட் இசைவகைக்கு. ஒரு பைட்டில் பெயர் எழுத முடியாதென்பதால் எண் போட்டார்கள். முதல் பட்டியலில் 0 முதல் 79 வரை எண்பது வகை. போல்காவுக்கு 75-ஆம் இடம் கிடைத்தது. கர்நாடக சங்கீதத்துக்கு இடமே கிடைக்கவில்லை. பூச்சியம் யாருக்கு என்றால், ப்ளூஸுக்கு. ஆகவே, வகை எதையும் எழுதாமல் பூச்சியமாக விட்ட சீட்டெல்லாம் ப்ளூஸ் என்றே வாசிக்கப்படும். ஆய்வாளர் திருத்தி வைத்த புதிய சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, வாலில் தொங்கிய பழைய சீட்டுகளே பிரமாணம் என்று அப்டேட் முடிவு கட்டியிருந்தது.

அந்த 30 பைட் பற்றி இன்னொரு வார்த்தை. இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் கணக்கு, புள்ளியும் தனிக் கணக்கு. இளையராஜா 24 பைட்டில் வசதியாக உட்கார்ந்துவிடுவார். எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு 50 வேண்டும். அவரை 30-இல் திணித்தால் ‘எம்.எஸ்.விஸ’ வரைக்கும் 29 பைட் போய், அடுத்து வரவேண்டிய புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வரும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று இலக்கணம் உண்டு. மூன்றில் ஒரு புள்ளி பெற்ற மெய்யை எப்படி உச்சரிப்பதென்று யாரும் விதி செய்யவில்லை. திரையில் அது வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரிந்தது.

அகரவரிசையிலும் வேலை நடந்திருந்தது. ஆங்கிலத் தலைப்பின் முதலில் வரும் ‘தி’, ‘ஏ’ போன்ற சொற்களைத் தள்ளிவிட்டு வரிசைப்படுத்துவது நூலக வழக்கம். மென்பொருள் அதை விசுவாசத்தோடு கடைப்பிடித்தது. விளைவு, ஆங்கிலத்தில் பெயருக்குப் புள்ளி போட்ட ஏ.ஆர்.ரகுமான் ‘ஏ’ வரிசையில் இருந்தார். புள்ளி போடாமல் இடைவெளி மட்டும் விட்ட ரகுமானின் ‘ஏ’, தேவையற்ற சுட்டு எனக் கழிக்கப்பட்டு, அவர் ‘ஆர்’ வரிசைக்குப் போனார். இளையராஜாவோ ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘எல்’ ஒன்றா இரண்டா, ‘ஏ’ எத்தனை என்ற தகராறில் நாலு பேராகப் பிரிந்து நின்றார். நால்வரில் அதிகம் உழைத்தவர் யாரென்று தனி ஆய்வு செய்யலாம்.

மருட்கை சற்று நேரந்தான். அடுத்து வந்தது வெகுளி. இங்கேதான் தொல்காப்பியரின் தீர்க்கதரிசனத்தை மெச்ச வேண்டும். வெகுளி பிறக்கும் நான்கிடங்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. பாட்டு மென்பொருள்களின் கால் நூற்றாண்டு வரலாற்றைப் படித்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது.

உறுப்பறை என்பது கை, கால், கண் முதலியவற்றைக் குறைத்தல். 2012 நவம்பரில் வந்த ஐட்யூன்ஸ் 11-ஐ இதற்கு முதல் சான்றாகக் கொள்ளலாம். ஆல்ப அட்டைகளைப் புரட்டிப் பார்க்கும் ‘கவர் ஃப்ளோ’ போயிற்று. இடப்பக்கப் பட்டை கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. ஒரே பாட்டு இரண்டு முறை இருந்தால் காட்டிக்கொடுக்கும் வசதியையும் காணோம். பத்தாயிரம் பாட்டு வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசி வசதி கைவிரல் மாதிரி. கூச்சல் எழுந்தது. டிசம்பரில் 11.0.1 வந்தபோது அந்த விரலை மட்டும் திரும்ப ஒட்டிக் கொடுத்தார்கள்.

அறுவையின் உச்சம் 2024 மே 7. வீட்டு ஒலிபெருக்கிகள் செய்யும் சோனோஸ் நிறுவனம் தன் செயலியை அடியோடு மாற்றி எழுதி அன்று வெளியிட்டது. புதியதில் அலாரம் வைக்க வழியில்லை. தூங்கியபின் பாட்டைத் தானே நிறுத்தும் டைமர் இல்லை. அடுத்து வரவிருக்கும் பாட்டுகளின் வரிசையை மாற்றவும் முடியாது. சொந்தக் கணினியில் இருக்கும் பாட்டுச் சேகரத்தில் தேடிப் பார்த்தவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மாறியது செயலிதான் என்றாலும் ஊனமானது, காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்த ஒலிபெருக்கி. ஊமையாகிப்போன பெட்டி, தூசு தட்டப்பட்டு அதே இடத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். சீர்செய்ய 2 கோடி முதல் 3 கோடி டாலர் வரை ஆகுமென்று ஆகஸ்டில் கணக்குச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அவர் பதவியை விட்டுப் போனார். ஓர் அலாரத்தை எடுத்ததற்கு இத்தனை பேர் விழித்துக்கொண்டார்கள்.

குடிகோள் என்பதற்குச் சுற்றத்தாருக்குக் கேடு சூழ்தல் என்று உரை சொல்வர். 2019 அக்டோபரில் ஆப்பிள் தன் கேட்டலினா இயங்குதளத்தில் ஐட்யூன்ஸை மூன்றாகப் பாகம் பிரித்தது: பாட்டுக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, பாட்காஸ்டுக்கு ஒன்று. வீட்டுக்குள் பாகப்பிரிவினை சுமுகம். அடி விழுந்தது பக்கத்து வீட்டில். எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று ஐட்யூன்ஸ் தானாகவே எழுதி வைத்துவந்த எக்ஸ்எம்எல் பட்டியலை நம்பித்தான் டிஜேக்களின் மென்பொருள்கள் பல பிழைப்பு நடத்தின. புதிய செயலி அதைத் தானாக எழுதுவதை நிறுத்திக்கொண்டது. சனிக்கிழமை இரவு ஆட்டக் களத்தில் பிளேலிஸ்ட் வரவில்லை என்றால் டிஜே என்ன மெய்ப்பாடு காட்டுவார் என்பதை ஊகித்துக்கொள்க.

அலை என்பது கோல்கொண்டு அலைத்தல். இக்காலக் கோல், திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் சிறு பெட்டி. ‘இப்போதே செய்யவா, இன்றிரவு செய்யவா’ என்று கேட்கும். வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இருக்காது. கூடவே ஓர் உரிம ஒப்பந்தம், யாரும் படிப்பதில்லை. ஆய்வாளர் கடமை கருதிப் படித்தார். ஐட்யூன்ஸ் ஒப்பந்தத்தில் இந்த மென்பொருளை அணு ஆயுதமோ ஏவுகணையோ வேதியியல் ஆயுதமோ செய்யப் பயன்படுத்தக் கூடாதென்று ஒரு விதி உண்டு. அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்தபின்தான் பித்துக்குளி முருகதாஸ் கேட்க முடியும்.

நான்காவது கொலை. பேராசிரியர் இதை நேர்க் கொலையாகக் கொள்ளாமல், ஒருவரின் அறிவையும் புகழையும் கொன்று பேசுதல் என்று விரித்தார். கண்ணை மூடிக்கொண்டு கை போன இடத்தில் பொத்தான் இருந்த அறிவு, பொத்தான் இடம் மாறியதும் செத்துப்போவதை எண்ணினால் உரை பொருந்தும். ஆனால் நேர்க் கொலையும் நடந்திருக்கிறது. 2001 நவம்பரில் மேக் கணினிகளுக்கு வந்த ஐட்யூன்ஸ் 2.0, தன்னை நிறுவிக்கொள்ளும் முன் பழைய பதிப்பை அழிக்க ஒரு கட்டளை வைத்திருந்தது. எங்கே அழிக்க வேண்டும் என்ற முகவரியை மேற்கோள்குறிக்குள் போட மறந்துவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க் பகுதியின் பெயருக்குள் இடைவெளி வந்துவிட்டால் கட்டளை அதை இரண்டு சொல்லாகப் படித்தது. அந்த முதல் சொல் வேறொரு பகுதியைக் குறிக்க நேர்ந்தால் அந்தப் பகுதி முழுவதும் துடைக்கப்பட்டது. பாட்டுக் கேட்கலாமென்று உட்கார்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த கோப்புகளை இழந்தார்கள். பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவசரமாக 2.0.1 விட்டார்கள். சீர் பிரிப்பதில் வரும் தவறு பொருளைக் கெடுக்கும் என்று தமிழாசிரியர்கள் மாணவர் தலையில் குட்டுவது வெறும் முன்கோபம் அன்று.

பெருமிதம் கேட்பவரிடம் காணப்படுவதில்லை, செய்பவரிடமே காணப்படும். அதன் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை. இசைமைக்குப் புகழ் என்று பொருள். பாட்டு நிறுவனங்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. கொடைக்கு ஒரு சான்று போதும். 2014 செப்டம்பர் 9 அன்று யூ2 இசைக்குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் இன்னசென்ஸ்’ ஆல்பத்தை ஆப்பிள் 50 கோடி ஐட்யூன்ஸ் கணக்குகளில் இலவசமாக வைத்தது. யாரும் கேட்கவில்லை. முல்லை கேட்காமலே தேர் கொடுத்தார் பாரி. அது படர்வதற்குக் கொம்பில்லாமல் தவித்தது என்றாவது ஒரு நியாயம் இருந்தது. இங்கே கொடியெல்லாம் ‘தேரை எடுங்கள்’ என்று கத்தியது. ஒரு வாரத்துக்குள், கொடுத்ததை நீக்கிக்கொள்ள ஒரு தனிப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று. பாடகர் போனோ பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அச்சம், இளிவரல் இரண்டையும் விரிவஞ்சி விடுத்தாம். அழுகை பற்றி மட்டும் ஒன்று. ‘ரயில்’ பிளேலிஸ்ட் காலியாக இருந்தது. பாட்டுகள் எங்கும் போகவில்லை, அத்தனையும் ப்ளூஸில் இருந்தன. எந்தெந்தப் பாட்டு ரயிலுக்கு உரியது, எதற்குப் பிறகு எது என்ற வரிசைதான் போய்விட்டது. பாட்டை மறுபடி வாங்கலாம். வரிசை கடையில் கிடைக்காது.

அஃதேல், அப்டேட்டே செய்யாதிருந்தால் என்னை எனின், செய்யாதிருந்தோர் உளர். 2002-இல் வின்ஆம்ப் 3 வந்தது. கனமாகவும் மந்தமாகவும் இருந்தது, பழைய செருகுநிரல்களோடு ஒத்துப்போகவும் இல்லை. பயனர்கள் பலர் ‘நீ போய் வா’ என்று சொல்லிவிட்டு வின்ஆம்ப் 2-லேயே தங்கினார்கள். செய்தவர்களும் இறங்கிவந்து, இரண்டின் லேசையும் மூன்றின் வசதியையும் சேர்த்து 2003 டிசம்பரில் ஒரு பதிப்பு விட்டார்கள். இரண்டும் மூன்றும் ஐந்து என்பதால் அதற்கு வின்ஆம்ப் 5 என்று பெயர். நான்கு பிறக்கவே இல்லை. எட்டாவது மெய்ப்பாடாகிய உவகைக்கு இத்துறையில் ஆய்வாளருக்குக் கிடைத்த நல்ல சான்று இது ஒன்றே.

பின்னுரையாக ஒரு நிகழ்ச்சி. ஆய்வாளர் மூன்று ஞாயிறு செலவழித்து, நாலு இளையராஜாவையும் ஒருவராக்கி, ஆங்கிலத் தகராறே வேண்டாமென்று பெயரைத் தமிழில் அடித்தார். பென்டிரைவில் ஏற்றி, காரில் செருகி, திண்டிவனம் தாண்டும்போது போட்டார். பாட்டு வந்தது. பின்சீட்டிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, பாடினது யாருன்னு போடுற இடத்துல கட்டம் கட்டமா வருது.”

“இளையராஜாதாம்மா. தமிழ் எழுத்து அதுக்குத் தெரியாது.”

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“எட்டுக் கட்டம்ப்பா.”