ஊர் சூட்டும் பெயர்

கேள்வி: சிறிய பட்சணக் கடை வைத்திருக்கிறேன். விளம்பரத்துக்குக் கையில் பணமில்லை. கடைக்குப் பெயர் கிடைப்பது எப்படி?
— ஒரு வாசகி, அடையாறு

பதில்: கடைக்காரர் சூட்டிய பெயர் பலகையில் நிற்கும், ஜனங்கள் சூட்டிய பெயரோ தலைமுறைகளைக் கடக்கும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நூறாண்டுகளைத் தாண்டி நிற்கும் நாட்டு மருந்துக் கடையொன்று, சரக்குகளைத் தகர டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்த காரணத்தாலேயே வாடிக்கையாளர் வாயில் ‘டப்பா செட்டி கடை’ என்று வழங்கலாகி, பிரசவ லேகியத்துக்குப் பாட்டி ஏறிய படியிலேயே பேத்தியும் ஏறும்படியான நம்பிக்கைக்குப் பாத்திரமாயிற்று. 1928-ல் தியாகராய நகரில் தொடங்கிய நல்லி பட்டுப் புடவைக் கடைக்கும், அதே நம்பிக்கையில், தாயின் கல்யாணப் புடவையை வாங்கிய குடும்பங்கள் மகளின் முகூர்த்தத்துக்கும் வருகின்றன.

வந்தவரின் முகத்தையும் அவர் வீட்டு விசேஷங்களையும் நினைவில் வைத்து, நேற்றைய பட்சணத்தை நேற்றையது என்றே சொல்லி விற்பவருக்கு, திருப்தியோடு திரும்பும் ஒவ்வொருவரும் சம்பளம் வாங்காத பிரசாரகரே. காறல் எண்ணெயில் பொரித்த முறுக்கையோ எந்த விளம்பரமும் காப்பாற்றாது.

ஆகையால் அம்மணி, பலகை சிறிதாகவே இருக்கட்டும். எண்ணெயும் எடையும் வார்த்தையும் சுத்தமாக இருக்கட்டும். பெயரை ஊர் வைக்கும்.