மூடிக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: சிலைகளுக்குக் கணினியில் கோட்டுப்படம் போடுகிறவன், மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்: துயிலெழுப்பும் பிரிவு அலுவலர் அவர்கள், என் மடிக்கணினி, மூடிக்கு உள்ளே.

பொருள்: தூங்கி எழுந்தபின் மவுஸ் பழையபடி நடந்துகொள்ள வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இன்று காலை தங்களை மூன்று முறை வாய்மொழியாகத் திட்டியது.

ஐயா,

நேற்று மதியம் பெருமாள் சிலை ஒன்றுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். உத்தம தசதாளம், 124 அங்குலம். இது அளவுகோல் அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தை 124 பங்காக்கினால் வருவது. அரைப் பங்கு பிசகினாலும் ஸ்தபதி தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் மவுஸின் வேகத்தை நத்தை அளவுக்கு இறக்கிவைத்து மூக்கை இழுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. பக்கத்துக் கல்பாக்கத்தில் 1980களிலேயே அணுமின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அது கிடக்கட்டும். பேட்டரியை மிச்சம்பிடிக்க மூடியைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பிவந்து திறந்தால் படம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. மவுஸைத் தொட்டேன். மூக்கில் கிளம்பிய கோடு பெருமாளின் காது வழியாக வெளியே போய்விட்டது. நத்தையைக் காணோம், கடையிலிருந்து வாங்கிவந்த அன்றைய வேகம். தமிழ்99 விசைப்பலகையும் ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தது. பெருமாள் என்று அடித்தால் ஜே, ஜி, எம், டி என்று வந்தது.

உங்கள் விதிமுறை எனக்குத் தெரியும். 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிகளில் எஸ்3 என்றொரு துயில் உண்டு. அதில் நினைவகத்துக்கு மட்டும் துளி மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மற்ற சில்லுகளுக்கு நின்றுபோனால், அவற்றின் பதிவகங்களில் எழுதியிருந்த எண்களும் போயின. எழுந்ததும் அவற்றைத் திரும்ப எழுதுவது டிரைவரின் வேலை. டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். தமக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறார். நான் பிறகு கட்டளையில் சொன்னது அவருடைய ஃபைலில் இல்லை. யூஎஸ்பி மவுஸோ இன்னும் மோசம். போர்ட்டில் மின்சாரம் போய்வந்தால், இன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததுபோலப் பேர், ஊர் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறது. நாலு வருஷமாக அதே மவுஸ், ஐயா.

எனக்கு இது புதிதல்ல. ஓர் அலுவலகத்தில் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அதிகாரி மாறினார். புதியவர் என் மனு இருப்பதை ஒப்புக்கொண்டார்; அதன்மேல் என்ன முடிவானது என்பது மட்டும் தெரியாதாம். "புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க." மறதியைக் குற்றமாகச் சொல்லவில்லை. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகும் ஆறு மாதம் நான் விலாசத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

தூக்கமும் எங்கள் ஊரில் அவமானமில்லை. தலசயனப் பெருமாள் பாம்பணைகூட இல்லாமல் தரையிலேயே பள்ளிகொண்டிருக்கிறார். மகிஷாசுரமர்த்தினி குகையில் அனந்தசயனரின் கால்மாட்டில் மதுவும் கைடபனும் அடிக்கத் தயாராக நிற்கிறார்கள். அவர் கண் விழித்ததும், "என் சக்கரத்தின் வேகத்தைப் புதிதாக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டதாகப் புராணம் இல்லை. அதற்குத்தான் அறிதுயில் என்று பெயர்.

நானே ஒரு வழி பார்த்தேன். லினக்ஸில் சிஸ்டம்-ஸ்லீப் என்ற கோப்புறையில் ஒரு ஸ்கிரிப்டை வைத்தால், படுக்கும்போது 'ப்ரீ' என்றும் எழும்போது 'போஸ்ட்' என்றும் அதற்குச் சொல்லப்படும். போஸ்ட் என்றதும் மவுஸ் வேகத்தைப் போடு என்று எழுதினேன். நடக்கவில்லை. ஸ்கிரிப்ட் ஓடுவது ரூட் பெயரில். என் திரை எது என்று அதற்குத் தெரியாது. திரையின் எண்ணும் அனுமதிச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அப்போதும் நடக்கவில்லை. ஸ்கிரிப்ட் கூப்பிடும் நேரத்தில் மவுஸ் இன்னும் நாற்காலிக்கே வரவில்லை. காத்திரு என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'ஸ்லீப்'. ஆக, தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக மூன்று விநாடி தூங்கு என்று எழுதினேன். உடனே நடந்தது.

இன்று காலை மவுஸ் நாலாவது விநாடியில் வந்தது.

ஆகவே, அது அடுத்த முறை வந்து பேர் சொல்லும்போது, பழைய ஃபைலை ஒரு தடவை எடுத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மூடியைத் தினமும் திறந்து மூடுகிறவன்

இணைப்பு: காது வழியாகப் போன கோடு, ஒன்று.