ஃபிரிட்ஜுக்குள்ள என்ன இருக்கு, அதச் சொல்லும் மாப்ளே

வாரும் மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரும். மெட்ராசுக்கு மாத்தலாமே? நாளைக் கழிச்சு லாரி வருதாமே? நாகலாபுரம் பூராவும் இதே பேச்சுதான். பீரோ, கட்டிலப் பத்தி எனக்கு விசாரம் இல்ல. மரமும் இரும்பும் வழியில ஊசியா போகும்? என் விசாரமெல்லாம் உம்ம ஃபிரீசரைப் பத்தித்தான். உள்ள என்னென்ன கிடக்குன்னு முதல்ல சொல்லும்.

வெள்ளாட்டங்கறி ரெண்டு கிலோ. சரி. வேம்பார் சீலா மீன் ஒரு கிலோ. ரொம்பச் சரி. பொறவு பட்டாணி. அது கிடக்கட்டும்.

இதை அப்படியே ஃபிரிட்ஜோட லாரியில ஏத்திரலாம்னு உமக்கு யோசனை. நல்ல யோசனைதான், மழை வாரதுக்கு முன்னாடி கம்மாய மூட்டை கட்டி வைக்கிற மாதிரி! ஏத்துறதுக்கு முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் உருகவிட்டுத் துடைச்சுக் காயப் போடணும். நட்டுக்கு நிப்பாட்டித்தான் கொண்டு போகணும். படுக்கப் போட்டா கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறிரும். பொறவு அங்க போயி நிப்பாட்டி, பல மணி நேரம் காத்திருந்துதான் கரண்டு குடுக்கணும். அதுவரைக்கும் கறிய எங்க வைப்பீரு, மடியிலயா?

நெறைஞ்ச ஃபிரீசரைத் திறக்காம வச்சா கரண்டு இல்லாமலே 48 மணி நேரம் தாங்கும், பாதி நெறைஞ்சது 24 மணி நேரம்னு சொல்லுவாங்க. அது வீட்டுக்குள்ள அசையாம நிக்கிற பொட்டிக்குச் சொன்ன கணக்கு. கத்திரி வெயில்ல தார்ப்பாய்க்கு அடியில குலுங்கிக்கிட்டுப் போற பொட்டிக்கு எவன் கணக்கு சொன்னான்?

வெள்ளைக்காரன் கெட்டிக்காரன், மாப்ளே. 1833ல அமெரிக்காவுல பாஸ்டன்ல இருந்து கல்கத்தாவுக்குக் கப்பல்ல பனிக்கட்டி அனுப்புனான். பலகையடிச்சு, வெக்கை புகாமப் பொதிஞ்சு, நாலு மாசப் பயணம். ஏத்துனது 180 டன். வந்து சேந்தது 100 டன் போல. அப்படி வந்த ஐஸை வைக்க மெட்ராஸ் கடற்கரையில 1842ல கட்டுனதுதான் ஐஸ் ஹவுஸ். இன்னைக்கு விவேகானந்தர் இல்லம். போனதும் போயிப் பாரும். அவன் சூட்சுமம் ரெண்டே ரெண்டுதான்: நெருக்கி அடை, திறந்து பாக்காத. நீரு அருப்புக்கோட்டை தாண்டுறதுக்குள்ள டீக்கடையில வண்டிய நிப்பாட்டி, மூடியத் தூக்கி, "கறி சௌக்கியமா?"ன்னு விசாரிச்சிருவீரே.

கொண்டுதான் போவேன்னு ஒத்தக்கால்ல நின்னா, மீன்காரங்கிட்ட ஒரு தெர்மகோல் பொட்டி வாங்கும். அடியில ஐஸ், நடுவுல சரக்கு, மேல ஐஸ், சுத்தி டேப்பு. இப்பவே ஒரு டம்ளர் தண்ணிய ஃபிரீசர்ல உறைய வச்சு, மேல ஒரு ரூவாக் காசைப் போட்டு, போகும்போது அதையும் பொட்டிக்குள்ள நட்டுக்கு நிப்பாட்டும். மெட்ராஸ்ல போய்ப் பாத்தா காசு மேலயே இருக்கா, தப்பிச்சீரு. அடியில கிடக்கா, காசு மட்டும் மூழ்கல மாப்ளே, கறியும் மூழ்கிருச்சு. "நல்லாக் கொதிக்க வச்சாச் சரியாப் போகும்"னு மட்டும் சொல்லாதிரும். கிருமி செத்தாலும் அது கக்குன விஷத்துல சிலது கொதிக்கிற குழம்புலயும் சாகாது. உருகுன கறிய இந்த வெயில்ல ஒரு மணி நேரம் வெளிய போட்டுட்டா, நாய்க்கு வைக்கக்கூட ரோசிக்கணும்.

கொண்டு போற சாமான் எது தெரியுமா? உங்க அத்தை மச்சுல போட்டு வச்சிருக்காளே: மிதுக்க வத்தல், மோர் மிளகா, உப்புக்கண்டம். ஃபிரீசர் கிருமியத் தூங்கத்தான் வைக்கும். கரண்டு போனா முழிச்சுக்கிடும். நம்ம கரிசல் வெயிலு ஈரத்தையே உறிஞ்சிரும். தண்ணி இல்லாம நாம படுற பாட்டை அந்தக் கிருமியும் படட்டுமே! ஒரு டப்பா வத்தல் தாரேன், லாரி ஒரு வாரம் கழிச்சுப் போயிச் சேந்தாலும் கெடாது.

பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே வந்து கேட்டிருந்தா, புதுசா எதுவும் வாங்காம, இருக்கிறதைக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னு தீரும்னு சொல்லியிருப்பேன். இப்ப ரெண்டு நாளுதான் இருக்கு. நீரும் உம்ம பொஞ்சாதியும் ரெண்டு பேரு. ரெண்டு கிலோக் கறி, ஒரு கிலோ மீனு. சாமான் கட்டுவீகளா, சமைப்பீகளா? எதுக்கு அலைச்சல்? பொழுது சாய அப்படியே இங்க கொண்டாந்துரும். உங்க அத்தை மதியமே மசாலா அரைச்சு வச்சுட்டா. எப்படித் தெரியும்னு கேக்காதிரும்.

பட்டாணியா? அதை நீரே வச்சுக்கிடும். மாமனுக்குப் பல்லு சரியில்ல.