லேமினேட் செய்த பில்

எங்கள் தெருவில் யார் எது வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மிக்ஸி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் என்று எதைப் பற்றியும் என்னிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? 2018இல் எனக்கென்று ஒரு லேப்டாப் வாங்க ஒரு மண்டலம் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள், ஒரு நாற்பது பக்க நோட்டு.

நோட்டின் முதல் பக்கத்தில் ஸ்கொயர்டிரேட் இருந்தது. வாரண்டி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம். 2009இல் அவர்கள் முப்பதாயிரம் லேப்டாப்புகளின் கணக்கைப் பார்த்து, மூன்று ஆண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பழுதாகிவிடுகிறது என்று சொன்னார்கள். பழுதானவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு இயந்திரத்தின் குற்றமல்ல, கீழே போட்டது, காபி கொட்டியது போன்ற நம் கைங்கரியம். குறைவாகப் பழுதாகும் பிராண்டுகளில் தோஷிபாவும் ஒன்று. சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு ஷோரூமுக்குப் போய், “தோஷிபா எடுங்க தம்பி” என்றேன்.

“அது இப்ப வர்றதே இல்ல சார்.”

அதே 2018இல்தான் தோஷிபா தன் கம்ப்யூட்டர் தொழிலில் பெரும்பங்கை ஷார்ப்புக்கு விற்றது. 2020இல் மிச்சத்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 1985இலேயே லேப்டாப் விற்ற கம்பெனி! ஒன்பது வருடத்துக்கு முந்தைய மார்க் ஷீட்டைப் பார்த்து நான் மாப்பிள்ளை தேடியிருக்கிறேன்.

அடுத்து என்னைக் கவிழ்த்தது ஒரு ஸ்டிக்கர். ‘மில்-எஸ்டிடி-810’. அமெரிக்க ராணுவத் தளவாடங்களைச் சோதிக்க எழுதிய விதிமுறை. பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் தாங்கும் என்றால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத் தாங்காதா என்று நினைத்தேன். அந்த விதிமுறைக்குச் சான்றிதழ் கொடுக்க ராணுவத்தில் தனி அலுவலகம் எதுவும் கிடையாது, எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்று கம்பெனியே முடிவுசெய்துகொள்ளலாம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தேங்காய் வாங்குவதுபோல மூடியைத் தட்டிப் பார்த்தேன். கையில் தூக்கி எடை பார்த்தேன். கீபோர்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கடைத் தம்பி பொறுமையாக நின்றார்.

“பிராண்ட் நல்ல பிராண்ட்தானே?” என்றேன்.

“எந்த சீரிஸ் சார்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் கேள்வி கேட்டால் கேள்வியே வருகிறதே என்று எனக்கு எரிச்சல். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரே கம்பெனி ஆபீஸ்களுக்கென்று ஒரு வரிசையும் என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு வரிசையும் போடுகிறது. இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் இருக்க வேண்டியதில்லை. போதாததற்கு, தைவானின் குவாண்டா, கம்பால் போன்ற நிறுவனங்கள் பல பிராண்டுகளுக்கு லேப்டாப் செய்துகொடுக்கின்றன. நான் வம்சம் விசாரித்துக்கொண்டிருந்த இரண்டு பிராண்டும் ஒரே கூரையின் கீழ் பிறந்திருக்கலாம்.

பெட்டியோடு வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “இது ரிப்பேரானா எங்கடா குடுப்பே?” கேஸ்கட் நம்மூரில் கிடைக்காத குக்கரை அம்மா தொடக்கூட மாட்டாள். “இது மிலிட்டரி ஐட்டம்மா, ரிப்பேரே ஆகாது” என்றேன்.

ஆனாலும் நான் ஜாக்கிரதைப் பேர்வழி. பில்தான் முக்கியம் என்று மறுநாளே ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேட் செய்யக் கொடுத்தேன். இயந்திரத்தின் ஒரு பக்கம் வெள்ளையாக நுழைந்த பில், மறுபக்கம் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு நூலளவு வெள்ளை. தெர்மல் தாளாம், சூடு பட்டால் கறுப்பதுதான் அதன் வேலையாம். ஜெராக்ஸ் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எக்ஸ்ரே மாதிரி இருக்கு” என்றார். லேமினேஷனுக்கு இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

பத்தாம் மாதம் ஒருநாள் காலையில் திறக்கும்போது ‘கறுக்’ என்று ஒரு சத்தம். இடது பக்கக் கீல், அதுதான் ஹிஞ்ச், பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மேஜையில் கடுகளவு பித்தளை நட்டுகள் மூன்று உருண்டன. இரும்புக் கீல் விறைப்பாக இருக்கும். அதன் திருகுகள் பிடித்திருப்பதோ பிளாஸ்டிக்கில் பதித்த இந்தக் கடுகுகளைத்தான். நானோ தினமும் ஒரு மூலையைப் பிடித்து விசுக்கென்று திறக்கிறவன். ஆறேழு இடத்தில் திருகு போட்டதைப் பார்த்துக் கடையில் பூரித்துப் போனேனே, அது எதில் ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

சர்வீஸ் சென்டர் திருச்சியில். அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்தது நாமே தூக்கிக்கொண்டு போகிற வகை வாரண்டி என்பதும் அப்போதுதான். தஞ்சாவூர் தாண்டி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் சீரியல் நம்பரைத் தட்டிவிட்டு, “வாரண்டி முடிஞ்சிருச்சே சார்” என்றார். பெட்டி கம்பெனியை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து அவர்கள் கணக்கு ஓடுகிறது. கடையில் இரண்டு மாதத்துக்குமேல் தூங்கியிருக்கிறது. பில்லைக் காட்டினால் தேதியைத் திருத்திவிடலாம்.

கறுப்பு அட்டையை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அந்த மரியாதையை இன்றும் மறக்கவில்லை. “கடைல கேட்டா டூப்ளிகேட் போட்டுத் தருவாங்க சார்” என்றார்.

இரண்டாம் பயணத்தில் டூப்ளிகேட் பில்லும் ஒரு பிரதியும் கொண்டுபோனேன். தேதி திருந்தியது. உள்ளே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். “இது ஃபிசிகல் டேமேஜ். வாரண்டில வராது. 8,400 ஆகும், ஜிஎஸ்டி தனி.” வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து வரியைக் காட்டினார்கள். நாற்பத்தெட்டு நாளில் நான் படிக்காத ஒரே புத்தகம். “நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்” என்று குரலை உயர்த்தினேன். வக்கீல் வைக்காமலே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, எல்லாம் எனக்கு மனப்பாடம். தெருவில் பல பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நான் போனது பஸ் ஸ்டாண்டுக்குத்தான்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அரால்டைட் வைத்து, செப்புத் தகடு ஒன்றை வெட்டிப் பொருத்தி அறுநூறு ரூபாயில் முடித்தார். “இந்த மாடலா? மாசம் நாலு வருது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்றார். அதிகம் விற்கிற மாடல்தான் ரிப்பேருக்கும் அதிகம் வரும் என்று மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். கீல் மட்டுமே உடைந்து மாதம் நாலு வந்தால் அதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2022இல் மகளுக்கு வாங்கும்போது சர்வீஸை முதலில் சோதிப்பது என்று கிளம்பினேன். கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டால் சீரியல் நம்பர் கேட்டது. வாங்காத பொருளுக்கு ஏது நம்பர்? ஷோரூமுக்குப் போய் டெமோ லேப்டாப்பைக் கவிழ்த்து நம்பரைப் படித்துச் சொன்னேன். பதினெட்டு நிமிடப் பாட்டுக்குப் பிறகு ஒருவர் வந்தார்.

“என்ன பிரச்சினை சார்?”

“ஹிஞ்ச் உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“உடைஞ்சிருக்கா சார்?”

“இன்னும் இல்ல.”

“உடைஞ்சதும் கூப்பிடுங்க சார்.”

பிறகு திருச்சியில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பெஞ்சில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் எடுக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மதர்போர்டுக்காகப் பத்தொன்பது நாளாகக் காத்திருப்பதாகச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். வேறு கம்பெனியில், வீட்டுக்கே ஆள் வருகிற வாரண்டியும் கீழே போட்டால் சரிசெய்கிற காப்பும் சேர்த்து மூன்று வருடத்துக்குப் பணம் கட்டினேன். மூன்று வருடமும் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கட்டிய பணம் வீண் என்று மகள் சொல்கிறாள்.

இதை நான் தட்டிக்கொண்டிருப்பது அந்த மிலிட்டரி ஐட்டத்தில். இனி மூடவே கூடாது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ராத்திரியில் மேலே ஒரு துண்டைப் போட்டு வைக்கிறேன்.